அவசரச் சாவி, எண்ணிக்கை ஒன்று

காரைத் திறக்கும் சாவி காருக்குள்ளேயே இருந்தது. மறதியாக வைத்துவிட்டார் என்றாலாவது மன்னித்துத் தொலைக்கலாம். நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் மேல் 'அவசரச் சாவி – எண்ணிக்கை 1' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார் ஸ்டோர்காரர்.

ஸ்டோர்காரர் என்றால் கடைக்காரர் இல்லை. பம்பு செய்கிற தொழிற்சாலையில் உதிரிப் பாகக் கிடங்குக்குப் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக அந்தக் கிடங்கிலிருந்து சீட்டு இல்லாமல் ஒரு வாஷர்கூட வெளியே போனதில்லை. ஒருமுறை மேனேஜரே நேரில் வந்து தன் நாற்காலிக்கு ஒரு போல்ட் கேட்டாராம். "சீட்டு எங்க சார்?" என்றாராம் இவர். மேனேஜர் திரும்பிப் போய்ச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். அப்படிப்பட்ட ஆள் வீட்டுக்கு வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாரா? எந்தச் சாமான் எதோடு சேர்ந்ததோ அது அதோடுதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மிக்ஸியின் உத்தரவாத அட்டை மிக்ஸி வந்த பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டி பரண் மேல் இருக்கும். பரணுக்கு ஏற வேண்டிய ஏணி, அது கட்டடத்தோடு சேர்ந்தது என்பதால், மொட்டை மாடியில் இருக்கும்.

கார் வாங்கிய அன்றைக்கு விற்பனைக்காரன் ரிமோட்டைத் திருப்பிக் காட்டினான். அதன் வயிற்றுக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியில் ஒரு சின்ன மூடி. மூடியைப் பெயர்த்தால் அடியில் சாவித் துவாரம். என்றைக்காவது பேட்டரி செத்து ரிமோட் வேலை செய்யாமல் போனால் இதுதான் வழி என்றான். ஸ்டோர்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சாவியை உருவினார். "இது லொடலொடன்னு ஆடுது. பாக்கெட்டுல கிடந்தா தொலைஞ்சுடும். வண்டிச் சாமான் வண்டியிலதான் இருக்கணும்" என்றார். அன்றைக்குப் போட்ட ஸ்டிக்கர்தான்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பதினாலாம் தூணுக்குப் பக்கத்தில் நின்று அவர் ரிமோட்டை அழுத்தினார். வண்டி கண் சிமிட்டவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். தலைக்கு மேலே தூக்கி அழுத்தினார். கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிவைத்து அழுத்தினார்.

"ரிமோட்டுல செல்லு தீந்துபோச்சா?" என்றாள் அவர் மனைவி.

"ரிமோட்டுல லைட்டு எரியுது பாரு. வண்டி பேட்டரிதான் படுத்துடுச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை அப்போதைக்கு விழுங்கி வைத்துக்கொண்டாள், ஏனென்றால் பதினோரு மணிக்கு அவளுக்கு டிரைவிங் டெஸ்ட்.

"சரி, ரிமோட்டுக்குள்ள ஒரு சின்னச் சாவி இருக்குமே, அதை எடுங்க."

ஸ்டோர்காரர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அது?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

அவர் கார்க் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அவளும் பார்த்தாள். டேஷ்போர்டுப் பெட்டி சமர்த்தாக மூடியிருந்தது.

"பதட்டப்படாத. வண்டியோட புக்குல வேற வழி ஏதாவது போட்டிருப்பான்."

"புக்கு எங்க?"

"அதுவும் அங்கதான்."

அவள் கைப்பையைத் திறந்து துழாவினாள். "என் பழகுநர் லைசென்ஸ் அட்டை எங்க? நேத்து மேசை மேலதானே வெச்சேன்?"

"வண்டிக் காகிதம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்மா. நேத்து சாயங்காலம்தான் கொண்டுபோய் வெச்சேன். உறை போட்டு வெச்சிருக்கேன், கசங்காது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் ஊசியக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய் ரத்தம் எடுக்கிறவள். குண்டானவர்கள், வற்றிப்போனவர்கள், ஊசியைக் கண்டாலே கையை மடக்கிக்கொள்கிறவர்கள், யாராக இருந்தாலும் ஒரே குத்து. மற்றவர்கள் மூன்று தடவை குத்தித் தோற்ற கையில் நரம்பைக் கண்டுபிடித்து, "முடிஞ்சது, கையை மடக்குங்க" என்பாள். "எப்ப குத்தினீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் வேலைக்குப் போகிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

இதுவரை கூடத்து வேன் அவளை வீடு வீடாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. விற்கப் போவதாக ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வேனைப் போன மாதம் விற்றுவிட்டார்கள். இனிமேல் சொந்தக் காரில் போகிறவர்களுக்குத்தான் வீடு தேடிப் போகிற வேலை. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டாதவர்களுக்கு அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, காலையிலிருந்து மாலைவரை ரத்தம் பிடிக்கிற குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இதை அவள் அழாத குறையாக வீட்டில் வந்து சொன்னபோது, "ஸ்டிக்கர் ஒட்டுறது என்ன கேவலமா?" என்று கேட்டார் கணவர். நிஜமாகவே மனசு புண்பட்டுத்தான் கேட்டார்.

இன்றைய டெஸ்ட்டைத் தவறவிட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. வேறு வண்டியும் எடுத்துப் போக முடியாது. விண்ணப்பத்தில் இந்தக் காரின் எண்ணைத்தான் எழுதி, பிரதி எடுத்து, கோப்பில் போட்டு வைத்திருந்தார் ஸ்டோர்காரர்.

"தம்பியைக் கூப்பிடுறேன்" என்றாள்.

"அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரன்."

"அவனாவது எதையாவது ரிப்பேர் பண்றவன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

தம்பி ஒன்பதேகாலுக்குத் தன் வேனில் வந்து இறங்கினான். நாற்பது வயது, தொப்பை, காதில் எப்போதும் ஒரு பென்சில். விஷயத்தைக் கேட்டான். சிரிக்கக் கூடாது என்று வேனுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"மாமா, பின் கண்ணாடியை ஒரு போடு போட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"உடைஞ்ச கண்ணாடியோட போனா டெஸ்ட்டுக்கு விடுவானா? யோசிச்சுப் பேசு மாப்ளே."

அது நியாயம்தான். பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு உயிர் கொடுக்கலாமென்றால், பானெட்டைத் திறக்கிற நெம்புகோல் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் கதவு திறந்தாக வேண்டும். தம்பி வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தான். பிறகு வேனிலிருந்து இரண்டு மர ஆப்பும், நீளமான இரும்புக் கம்பியும், ஒரு ரப்பர் பையும் எடுத்துவந்தான். கனமான ஃப்ரிட்ஜுக்கு அடியில் செருகி, காற்றடித்துத் தூக்குகிற பை. கதவு இடுக்கில் செருகிக் காற்றடித்தால் விரல் நுழைகிற அளவு இடைவெளி கிடைக்கும். அது வழியாகக் கம்பியை விட்டு உள்பக்கக் கைப்பிடியைக் கொக்கி போட்டு இழுத்துவிடலாம் என்றான்.

"இரு இரு" என்றார் ஸ்டோர்காரர். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஓட்டுநர் பக்கக் கதவைக் குனிந்து பார்த்து, 'ஏற்கெனவே உள்ள கீறல் – 2' என்று எழுதித் தேதி போட்டார். "ம், இப்ப ஆரம்பி. கம்பி மேல டேப்பு சுத்திக்கோ."

"மாமா, மணி ஒன்பதரை."

"சுத்திக்கோ மாப்ளே."

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பைச் சுற்றினான்.

பையைப் பார்த்ததும் ஊசியக்கா, "இதை நான் அடிக்கிறேன், குடு" என்று வாங்கிக்கொண்டாள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றுகிற பட்டையை ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆப்பைச் செருகி, பையைச் செருகி, காற்றடிக்கிற ரப்பர் குமிழை அளந்து அளந்து அழுத்தினாள். கதவு முனகிக்கொண்டு ஒரு விரல் அகலத்துக்கு விலகியது. கீறல் இரண்டுதான் இருந்தது. ஸ்டோர்காரர் குனிந்து சரிபார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்த இருபது நிமிஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம்பி இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்தான். ஸ்டோர்காரர் அந்தப் பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வழி சொன்னார்.

"மேல. மேல. இல்ல கீழ. வலது பக்கம்."

"உங்க வலதா என் வலதா?"

"வண்டியோட வலது."

"அது எந்தப் பக்கம் மாமா?"

கம்பி சீட் பெல்ட்டைக் கொக்கி போட்டு இழுத்தது. எல் போர்டைக் கொக்கி போட்டு இழுத்தது. ஹாரனை அழுத்தியது, பேட்டரி செத்துக் கிடந்ததால் ஹாரனுக்கும் சத்தமில்லை. கைப்பிடியை மட்டும் தொட்டுத் தொட்டு வழுக்கிக்கொண்டே வந்தது. "இன்னும் ரெண்டு இன்ச்சு, ரெண்டு இன்ச்சு" என்று அவர் கத்தினார். "இன்ச்சு டேப்பைத் தூக்கி உள்ள போடுங்க, அளந்துக்கிறேன்" என்று இவன் கத்தினான்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் ஊசியக்கா. "தம்பி, தள்ளு."

அவள் கம்பியை வாங்கினாள். உள்ளே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நரம்பைக் கண்ணால் தேடுகிறவர்கள்தான் மூன்று தடவை குத்துவார்கள். அது விரலுக்குத்தான் தெரியும் என்பது அவளுடைய பதினெட்டு வருஷ அனுபவம். கம்பி நுனி துணியைத் தொட்டது, பிறகு வழுவழுப்பை, பிறகு ஒரு விளிம்பை. விளிம்புக்குப் பின்னால் ஒரு குழி. அங்கே நிறுத்தினாள். லேசாக இழுத்தாள், 'டொக்' என்று பூட்டு விடுபட்டது. இன்னொரு முறை இழுத்தாள், கதவு திறந்துகொண்டது.

"எப்ப இழுத்தே?" என்றார் ஸ்டோர்காரர்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மணி பத்தாகிவிட்டது. நேராகப் போய் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். எல்லாம் ராணுவ வரிசையில் இருந்தன. பழகுநர் அட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவசரச் சாவியின் உறையை ஒரே கிழியாகக் கிழித்து, சாவியை ரிமோட்டின் வயிற்றுக்குள் தள்ளினாள்.

"ஏம்மா, அது வண்டிச் சாமான்."

"ரிமோட்டும் வண்டிச் சாமான்தான்."

ஆறு வருஷமாக இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததில்லை. நோட்டை எடுத்து 'இடமாற்றம்: அவசரச் சாவி – 1' என்று எழுதி, "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டினார்.

"வந்து போடுறேன்."

தம்பி வேனைக் கொண்டுவந்து காரின் மூக்கோடு மூக்காக நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் ஒயரைக் கோத்தான். கடைசிக் கவ்வியை மாட்டியதும் காருக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. முன் இருக்கைக்கு மேலே கூரையில் இருக்கிற குட்டி விளக்கு. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"இது யாரு போட்டது?" என்றான் தம்பி.

விளக்கை அணைக்காமல் கதவைத் திறந்தால் 'கீ கீ' என்று கத்துகிற பஸ்ஸர் ஒன்று அந்த வண்டியில் இருந்தது. எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை என்று சொல்லி இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் ஒயரைக் கழற்றச் சொன்னவர் ஸ்டோர்காரர். கழற்றிக் கொடுத்தவன் இதே தம்பி. ஒயர் ஒரு உறையில், ஸ்டிக்கரோடு, அதே பெட்டிக்குள் இருந்தது.

"நேத்து சாயங்காலம் அட்டையை வைக்கும்போது..." என்று ஆரம்பித்தார் ஸ்டோர்காரர். "அட்டை எண்ணை நோட்டுல குறிச்சுக்கலாம்னு... எழுத்துப் பொடியா இருந்துச்சு... லைட்டைப் போட்டேன்."

ஊசியக்கா அவரை உற்றுப் பார்த்தாள். ஆறு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நான் இருக்கேனே, உனக்கெதுக்கு லைசென்ஸ்? இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை? ரோட்டுல லாரிக்காரன் எல்லாம் எப்படி வர்றான் தெரியுமா?

"வேணும்னே செஞ்சீங்களா?"

"வேணும்னு செஞ்சிருந்தா நோட்டுல எழுதியிருப்பேன்" என்றார் ஸ்டோர்காரர்.

இதைவிடப் பெரிய சத்தியம் அவரிடம் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் காலையில் அவர் முகத்தில் வந்து போனதை அவள் மறக்கவில்லை.

என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தம்பி ஒயரைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அக்கா, இந்த பேட்டரி கிழடு தட்டிப்போச்சு. அரை மணி நேரமாவது ஓடினாத்தான் கொஞ்சம் சார்ஜு ஏறும். அதுக்குள்ள வண்டியை ஆஃப் பண்ணிடாத. நின்னுச்சுன்னா அவ்ளோதான்." பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, "மாமா, நீங்க வாயைத் திறக்காம வந்தா வண்டி நிக்காது" என்றான்.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஊசியக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். கிளட்சை விடுகிற இடத்தில்தான் தகராறு. கற்றுக்கொடுத்தவர் ஸ்டோர்காரர், எதையும் எண்ணிக் கொடுத்தே பழகியவர். "ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப விடு" என்பார். அவள் மூணுக்கு விடுவாள். வண்டி ஒரு குதி குதித்துச் செத்துவிடும். 'வண்டி நின்றது' என்று நோட்டில் தனிப் பக்கமே இருந்தது. நேற்றுவரை நாற்பத்தொன்று.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டார். அவள் கிளட்சை எண்ணாமல் விட்டாள். பாதத்துக்கு அடியில் ஒரு இடத்தில் லேசான துடிப்பு தெரிந்தது. அட, இதுதானா என்று நினைத்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

டெஸ்ட் நடக்கிற இடத்துக்குப் பதினைந்து நிமிஷம்தான். எங்கே போனாலும் அரை மணி முன்னதாகப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மைதானத்தைச் சுத்து" என்றார். "சார்ஜு ஏறட்டும். நேரம் இருக்கு."

விளையாட்டு மைதானத்தைச் சுற்றி அகலமான சாலை. சனிக்கிழமை என்பதால் கூட்டமில்லை. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் அவர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்லவா?"

"எண்ணாம சொல்லுங்க."

"காலையில கதவு திறக்கலன்னதும், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

அவள் கியரை மாற்றினாள். "தெரியும். மூஞ்சியப் பார்த்தேன்."

"ஒரு நிமிஷம்தான்."

"அதுக்கு மேல இருந்திருந்தா சும்மா விட்டிருப்பேனா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "திங்கட்கிழமையிலிருந்து வண்டியை நீ எடுத்துக்கிட்டுப் போயிடுவே. நான் கம்பெனி பஸ்ஸுல வந்துடுவேன். அது ஒண்ணும் கஷ்டமில்ல. அஞ்சு நாப்பதுக்கு நான் என்ன பண்றது?"

தினமும் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குப் பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு அவர் காத்திருப்பார். அங்கிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். இன்றைக்கு எந்த வீட்டில் எந்தக் கை எப்படிப் படுத்தியது என்று அவள் சொல்லுவாள். யார் சீட்டில்லாமல் வந்து என்ன நாடகம் ஆடினான் என்று அவர் சொல்லுவார். வீட்டுக்குள் நுழைந்தால் அவளுக்கு அடுப்பு, அவருக்கு டிவி. அதற்கப்புறம் 'உப்பு எங்க' என்பதற்கு மேல் பேச்சு இருக்காது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி ஏதாவது ஒரு வண்டியில் பேசியதுதான். அவளுக்குக் கோபம் வந்தது. இதை வாய் திறந்து சொல்ல ஒரு பேட்டரி சாக வேண்டியிருந்ததே என்று வந்த கோபம். பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் மூன்றாவது சுற்றும் சுற்றினாள்.

பத்து ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேர்வாளர் ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, கையில் அட்டையோடு ஒரு படிவம். ஸ்டோர்காரரை இறங்கச் சொல்லி, மர பெஞ்சைக் காட்டிவிட்டு, அந்த இருக்கையில் தான் உட்கார்ந்தார்.

"என்ஜினை நிறுத்துங்க."

"சார்?"

"நிறுத்தின வண்டியில இருந்துதான் ஆரம்பிக்கணும். அதுவும் டெஸ்ட்டுல சேர்ந்தது."

அவள் பெஞ்சைப் பார்த்தாள். ஸ்டோர்காரருக்கு இங்கே பேசியது கேட்டிருக்காது; அவள் முகத்தைப் பார்த்தே எழுந்து நின்றுவிட்டார். அவள் பட்டனை அழுத்தினாள். என்ஜின் நின்றது. அந்த அமைதியில் தேர்வாளர் தன் கையை நீட்டிப் பேனாவைத் திறந்தார். ஊசியக்காவின் கண் தானாகவே அந்தக் கைக்குப் போனது. கயிறு மாதிரி நல்ல நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு சீரானது. பட்டனை அழுத்தினாள். வண்டி 'கர்ர்' என்று இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது, பிடித்துக்கொண்டது.

"பேட்டரி வீக்கா இருக்கே" என்றார் தேர்வாளர்.

"ஆமா சார்."

"மாத்திடுங்க."

"மாத்துற தேதி அடுத்த மாசம்னு வீட்டுக்காரர் நோட்டுல இருக்கு சார்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போலாம்" என்றார்.

வளைவில் போனாள். பின்னால் எடுத்தாள். மேட்டில் பாதியில் நிறுத்தச் சொல்லி மறுபடி எடுக்கச் சொன்னார். நாற்பத்தொன்றில் முப்பது தடவை வண்டி நின்றது மேட்டில்தான். பக்கத்தில் யாரும் எண்ணவில்லை. பாதத்துக்கு அடியில் அந்தத் துடிப்பு வந்ததும் பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேலே ஏறியது. கடைசியாக, வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்கச் சொல்லி, "விளக்கெல்லாம் போட்டுக் காட்டுங்க" என்றார். போட்டாள். இறங்கி முன்னால் பின்னால் பார்த்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்து, "உள்ள போய் லைசென்ஸ் வாங்கிக்குங்க" என்றார்.

ஊசியக்கா இறங்கி, ரிமோட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, கிட்டத்தட்ட ஓடினாள். பெஞ்சில் ஸ்டோர்காரர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை வேலி வழியாகப் பார்த்திருக்கிறார். அந்தத் தனிப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, 'வண்டி நின்றது – 0' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். அவர் எதற்கும் இரண்டு கோடு இழுத்து அவள் பார்த்ததில்லை.

உள்ளே வரிசை நீளமாக இருந்தது. போட்டோ எடுத்து, விரல் ரேகை வைத்து, அட்டை கைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்தபோது அவள் அதைக் கைப்பையில் போடவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து ரிமோட்டை அழுத்தினாள்.

வண்டி கண் சிமிட்டவில்லை.

இன்னொரு முறை அழுத்தினாள். ஸ்டோர்காரர் ரிமோட்டை வாங்கித் தலைக்கு மேலே தூக்கப் போனார். "வேண்டாம், குடுங்க" என்றாள். ரிமோட்டைத் திருப்பினாள். வயிற்றிலிருந்து சுண்டுவிரல் சாவியை உருவினாள். கைப்பிடியின் மூடியை நகத்தால் பெயர்த்து, துவாரத்தில் சாவியை விட்டுத் திருப்பினாள். கதவு திறந்தது. மொத்தம் பத்து விநாடி.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாய்ந்து அந்தப் பக்கக் கதவையும் உள்ளிருந்து திறந்துவிட்டாள். பழக்கதோஷத்தில் ஓட்டுநர் பக்கம் வந்து நின்ற ஸ்டோர்காரர், சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினார். பட்டனை அழுத்திப் பார்த்தாள். 'டிக்' என்ற ஒரு சத்தத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த விளக்குக் குமிழைப் பார்த்தார். தேர்வாளருக்குப் போட்டுக் காட்டியது அப்படியே போட்டபடி இருந்தது.

ஸ்டோர்காரர் நிதானமாகக் கேட்டார்: "வேணும்னே செஞ்சியா?"

"வேணும்னு செஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள் ஊசியக்கா.

அவர் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டிருக்கிறான், ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை எதையும் தொடாமல் இருங்கள் என்று கெஞ்சினான். போனை வைத்ததும் ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது தன் முகத்திலும் தெரிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறைக்கவில்லை.

நோட்டை வாங்கி, 'இடமாற்றம்: அவசரச் சாவி – 1' என்ற வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். லைசென்ஸை எடுத்து டேஷ்போர்டின் மேல் சாய்த்து வைத்தாள். பிறகு இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, "நேத்து யாரோ சீட்டில்லாம வந்து சண்டை போட்டான்னீங்களே, பாதியில விட்டுட்டீங்க. யாரு அது?" என்று கேட்டாள்.

ஸ்டோர்காரர் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, "அதை ஏன் கேக்கறே" என்று ஆரம்பித்தார்.